12 வோல்ட் 21 வாட் பல்பு: ஓம் அளந்து கணக்குப் போட்டால் 180 வாட் வருகிறது, ஏன்?

மின்மினி:
வணக்கம். வண்டி இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட், 21 வாட் இழை பல்பு ஒன்றை வைத்து மின்தடை, திறன் கணக்குகளைப் பழகிக்கொண்டிருக்கிறேன். பல்பைத் தனியாகக் கழற்றி, மல்டிமீட்டரை ஓமில் வைத்து அளந்தால் 0.8 காட்டுகிறது. மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் திறன். 144-ஐ 0.8-ஆல் வகுத்தால் 180 வாட்! மின்னோட்டம் 15 ஆம்பியர் என்று வருகிறது. என்னிடம் இருக்கும் பவர் சப்ளை 5 ஆம்பியருக்கு மேல் தராது, ஆனாலும் பல்பு பளிச்சென்று எரிகிறது. தப்பு சூத்திரத்திலா, மீட்டரிலா?

செம்புக்கம்பி:
இரண்டிலும் தப்பில்லை தம்பி. நீங்கள் அளந்தது அணைந்து கிடக்கும் பல்பை. கணக்குப் போட்டது எரியும் பல்புக்கு. டங்ஸ்டன் இழை எரியும்போது அதன் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். சூடு ஏற ஏற உலோகத்தின் மின்தடையும் ஏறும். இந்த மாதிரி பல்பில் பத்துப் பதினைந்து மடங்கு வரை ஏறுவது சாதாரணம். ஓம் விதியைச் சொல்லித் தரும்போது ‘வெப்பநிலை மாறாதபோது’ என்று ஒரு நிபந்தனை வரும், அதை யாரும் நின்று கவனிப்பதில்லை. உங்கள் பல்பில் அதுதான் எல்லாமே.

பல்பின் மேல் அச்சடித்திருப்பதிலிருந்து போங்கள். 21-ஐ 12-ஆல் வகுத்தால் 1.75 ஆம்பியர். 12-ஐ 1.75-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 6.9 ஓம். எரியும்போது இருக்கும் மின்தடை அதுதான்.

அந்த 0.8-லும் ஒரு விஷயம் இருக்கிறது. மீட்டரின் இரண்டு ப்ரோப் முனைகளையும் ஒன்றோடொன்று அழுத்தித் தொட்டுப் பாருங்கள். சுழியம் வராது. வருகிற எண் ஒயரின் சொந்த மின்தடை. சின்ன ஓம் அளக்கும்போது அதைக் கழித்தே ஆகவேண்டும்.

தாமரை:
செம்புக்கம்பி அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எரியும்போதே வோல்ட்டையும் ஆம்பியரையும் அளந்து வகுத்துப் பாருங்கள், அதுதான் நம்பகமான வழி. ஆம்பியர் அளக்கச் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, மீட்டரைத் தொடர் இணைப்பில் போடவேண்டும். அளந்து முடித்ததும் முதல் வேலையாக ஒயரைப் பழைய துளைக்கு மாற்றுங்கள். மாற்றாமல் அப்படியே சப்ளை முனைகளில் வைத்தால் நேரடி ஷார்ட். ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம், சில மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃபியூஸே கிடையாது. தயவுசெய்து இதில் அலட்சியம் வேண்டாம்.

மின்மினி:
அளந்துவிட்டேன். ப்ரோப்களைச் சேர்த்தால் 0.3, அப்படியானால் குளிர்ந்த பல்பு 0.5 ஓம்தான். எரியும்போது சப்ளை முனையில் 12.1 வோல்ட், பல்பின் காலில் 11.8, மின்னோட்டம் 1.72 ஆம்பியர். வகுத்தால் 6.86 ஓம், பெருக்கினால் 20.3 வாட். அருமையாகப் பொருந்துகிறது!

ஆனால் நடுவில் 0.3 வோல்ட் எங்கே போனது? அப்புறம், வெளிச்சத்தைக் குறைக்க 6.8 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போடலாமா? இரண்டும் சம மின்தடை என்பதால் ஆளுக்கு 6 வோல்ட் என்று நினைக்கிறேன். என்னிடம் கால் வாட் ரெசிஸ்டர் இருக்கிறது.

செம்புக்கம்பி:
0.3 வோல்ட் ஒயர், கிளிப், மீட்டர் மூன்றிலுமாக விழுகிறது. 0.3-ஐ 1.72-ஆல் வகுத்தால் 0.17 ஓம், அதில் அரை வாட் சூடாகப் போகிறது. அதனால்தான் வோல்ட்டைப் பல்பின் காலிலேயே அளக்கவேண்டும்.

கால் வாட் ரெசிஸ்டரை வைக்காதீர்கள், புகைந்துவிடும். உங்கள் கணக்கையே எடுத்துக்கொண்டாலும் 6 வோல்ட், 0.88 ஆம்பியர், 5 வாட்டுக்கு மேல். உண்மையில் அதைவிடக் கூடும். வோல்ட் குறைந்தால் இழை குளிரும், குளிர்ந்தால் அதன் மின்தடை இறங்கும், ஆகவே ரெசிஸ்டரின் தலையில்தான் பெரும் பங்கு விழும். 15 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் வாங்குங்கள். எரியும்போது கையால் தொடவேண்டாம்.

மின்மினி:
15 வாட் வைத்துப் பார்த்தேன். ரெசிஸ்டரில் 7.1 வோல்ட், பல்பில் 4.8, மின்னோட்டம் 1.05. பல்பு இப்போது 4.6 ஓம், 5 வாட். ரெசிஸ்டர் 7.5 வாட்! வெளிச்சமும் பாதி இல்லை, செம்மஞ்சளாக மங்கிப்போய்விட்டது. ஒரே பல்புக்கு 0.5, 4.6, 6.86 என்று மூன்று மின்தடை என்பதைக் கண்ணால் பார்த்தது பெரிய மகிழ்ச்சி. இருவருக்கும் நன்றி.

புதுப்பொறி:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஹீட்டர் காயிலுக்கும் இதே தொல்லை உண்டா? 12 வோல்ட் நைக்ரோம் காயில், குளிராக அளந்தால் 4 ஓம்.

தாமரை:
இல்லை, நைக்ரோம் அந்த விஷயத்தில் நிதானமானது. சிவக்கச் சூடானாலும் மின்தடை பத்து சதவீதத்துக்குள்தான் ஏறும். 144-ஐ 4-ஆல் வகுத்து 36 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள், எரியும்போது கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மோட்டாருக்கு மட்டும் இப்படிப் போடாதீர்கள். நின்றிருக்கும் மோட்டாரின் ஓமை வைத்துக் கணக்கிட்டால் கிடைப்பது, அது சிக்கி நிற்கும்போது இழுக்கும் மின்னோட்டம். சுற்றத் தொடங்கியதும் எதிர் மின்னழுத்தம் உருவாகி மின்னோட்டம் வெகுவாக இறங்கிவிடும். அதற்கு ஓடும்போது அளப்பது ஒன்றே வழி.