320 எம்பி3யில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இல்லையாம்!

சும்மாகேட்பவன்:
"320 எம்பி3 என்பது 16 கிலோஹெர்ட்ஸோடு கழுத்தை அறுத்த பாட்டு. ஃபிளாக் கேட்காதவர்கள் இசை கேட்பதாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம்" என்று நேற்று கூர்செவி அருளியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஃபிளாக் ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும், எம்பி3 கொஞ்சத்தை எறிந்துவிட்டுச் சுருக்கும், அது சரி. ஆனால் எம்பி3 ஆக்கும் லேம் குறியாக்கியில் பிட்ரேட்டை 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்) என்று வைத்தால், உச்ச அதிர்வெண்களை நீக்கும் வெட்டு சுமார் 20 கிலோஹெர்ட்ஸில்தான் விழும். 16, 17 எல்லாம் 128 கேபிபிஎஸ் கதை. தெரியாவிட்டால் சும்மா இருக்கலாமே.

கூர்செவி:
தம்பி, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் படத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். என்னிடம் உள்ள 320 கோப்புகளைத் திறந்தால் 16க்கு மேலே கன்னங்கரேல் என்று இருக்கிறது. கண்ணுக்கே தெரிவது காதுக்குத் தெரியாதா? சிம்பலை அடித்த பிறகு அந்த 'ஸ்ஸ்ஸ்' அடங்குகிற இடத்தைக் கேளுங்கள், சலசலவென்று நீர்த்துப்போய் இருக்கும்.

குறைபிட்:
அந்தக் கோப்புகள் எங்கிருந்து வந்தன? யாரோ 128ஐ எடுத்து 320 ஆக ஊதியிருப்பார்கள். கோப்பு பெருக்கும், போன ஒலி திரும்பி வராது. சிடியிலிருந்து நீங்களே மாற்றிப் பாருங்கள். எம்பி3யை ஃபிளாக் ஆக்கினாலும் இதே கோடு தெரியும். எதற்கும் உங்கள் ஃபிளாக்குகளையும் ஒரு முறை திறந்து பாருங்கள்.

கூர்செவி:
என் ஃபிளாக் எல்லாம் சிடியிலிருந்து நானே எடுத்தவை. பேச்சை மாற்றாதீர்கள். 16 என்றால் 16. எம்பி3 வடிவமைப்பிலேயே 16க்கு மேலுள்ள அதிர்வெண் பட்டைக்குத் தனி ஸ்கேல்ஃபேக்டர் (அந்தப் பட்டையின் துல்லியத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும் எண்) கிடையாது, தெரியுமா?

குறைபிட்:
தெரியும். அதனால் அந்தப் பட்டையைத் துல்லியமாக வைக்க மொத்தத்துக்கும் பிட் கூடுதலாகச் செலவாகும். அதற்காக 'ஒன்றுமே இல்லை' என்று ஆகிவிடுமா? எம்பி3யின் நிஜமான கோளாறு காஸ்டனெட் தாளக்கட்டை மாதிரி சட்டென்று விழும் ஒலியில் இருக்கிறது. அடி விழுவதற்குச் சற்று முன்பே இரைச்சல் கசியும். பிட்ரேட் குறைந்தால் நன்றாகவே கேட்கும். அதைச் சொல்லியிருந்தாலாவது மரியாதை.

கூர்செவி:
கோளாறு உண்டு என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

பழையரீல்:
அது இருக்கட்டும், எதில் கேட்கிறீர்கள்? ப்ளூடூத் என்றால் ஃபிளாக்கையும் பெரும்பாலும் மறுபடி நசுக்கித்தான் அனுப்பும். எல்டிஏசி என்ற ப்ளூடூத் ஒலிமுறையின் உச்சமே 990 கேபிபிஎஸ், சிடி 1,411.

கூர்செவி:
என்னைப் பார்த்து ப்ளூடூத்தா? கம்பிதான். எப்போதும் கம்பிதான்.

சும்மாகேட்பவன்:
ஆமாம், கம்பியைத் திருப்பிச் செருகினால் இசை இன்னும் விரிகிறது என்று போன வருடம் எல்லோர் உயிரையும் வாங்கியவர் ஆயிற்றே! ஃபூபார்2000 பிளேயரில் ஏபிஎக்ஸ் சோதனை இருக்கிறது. எது எம்பி3, எது ஃபிளாக் என்று மறைத்துவிட்டுக் கேட்கலாம். உங்களுக்குப் பிடித்த எண்தானே, 16 தடவை செய்து முடிவைப் போடுங்கள்.

கூர்செவி:
கம்பியை இன்னுமா மறக்கவில்லை? இசை பரீட்சை இல்லை. ஒரு பாட்டோடு மாதக்கணக்கில் வாழ்ந்தால்தான் புரியும். வயது ஏற ஏற 16க்கு மேலே காது கேட்காது, அதுதான் உங்கள் பிரச்சினை. உங்களிடம் சொல்வது செவிடன் காதில் ஊதிய சங்கு.

சும்மாகேட்பவன்:
மேலே 'தம்பி' என்றீர்கள், இப்போது கிழவனாக்கிவிட்டீர்கள். ஏதாவது ஒன்றில் நில்லுங்கள்.

கூர்செவி:
தம்பி என்றது மரியாதைக்கு. அது உங்களுக்குப் பொருந்தாது போல.

இரண்டும்சரி:
சேமித்து வைக்க ஃபிளாக், போனில் கேட்க ஓபஸ் என்ற இழப்புள்ள வடிவத்தில் 128 கேபிபிஎஸ். மூலம் ஃபிளாக்காக இருந்தால் பின்னால் எதற்கு மாற்றினாலும் இழப்பு ஒரு தடவையோடு போகும். இதற்கா இத்தனை சண்டை?

கூர்செவி:
128ஆ? காது கூசுகிறது.

இரண்டும்சரி:
ஓபஸ் 2012இல் வந்தது ஐயா, எம்பி3 1990களின் சரக்கு. இரண்டு 128உம் ஒன்றில்லை.

கூர்செவி:
128 என்றால் 128தான். கணக்கு மாறாது.

பழையரீல்:
ஒலியை நொடிக்கு எத்தனை தடவை அளப்பது என்ற கணக்கில் ஓபஸ் 48 கிலோஹெர்ட்ஸில் ஓடும், சிடியோ 44.1. அந்த மாற்றத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே?

குறைபிட்:
தயவுசெய்து புதிதாக ஒன்றை ஆரம்பிக்காதீர்கள்.

கூர்செவி:
ஆரம்பிக்கட்டும், அவராவது விஷயம் பேசுகிறார். என் 320 கோப்பின் ஸ்பெக்ட்ரோகிராம் படத்தை இணைத்திருக்கிறேன். கோடு 16இல்தான் இருக்கிறது.

குறைபிட்:
படம் ஜேபெக்கா? அதுவும் இழப்புள்ள வடிவம்தான் ஐயா.

கூர்செவி:
நக்கல் வேண்டாம். கோடு தெரிகிறதா இல்லையா?