மறு: ‘கஸ்டம் கன்டென்ட்’ தமிழில் எப்படி? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

அனைவருக்கும் வணக்கம்.

சிம்ஸ் 4 என்ற கணினி விளையாட்டுக்கான பழுதுநீக்கக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ஆட்டக்காரர்கள் தாங்களே செய்து பகிரும் தலைமுடி, சட்டை, நாற்காலி எல்லாம் கஸ்டம் கன்டென்ட், சுருக்கமாக சிசி. விளையாட்டின் போக்கையே மாற்றும் நிரல்கள் மாட். இரண்டும் ‘மாட்ஸ்’ என்ற ஒரே கோப்புறையில்தான் கிடக்கும், ஆனால் ஒரே சொல்லை வைத்து ஒப்பேற்ற முடியாது. சிசி பேக்கேஜ் கோப்பாக வரும், கோப்புறைக்குள் கோப்புறை என்று சில அடுக்கு உள்ளே வைத்தாலும் விளையாட்டு எடுத்துக்கொள்ளும். மாட்டின் ஸ்கிரிப்ட் கோப்பை ஓர் அடுக்குக்கு மேல் உள்ளே தள்ளினால் கண்டுகொள்ளாது. அதனால் ‘இதை உள்ளே வைக்கலாம், அதை வைக்காதே’ என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ‘தனிப்பயன் உள்ளடக்கக் கோப்புகளின் கோப்புறை’ என்று எழுதிவிட்டு வாய்விட்டுப் படித்தேன், மூச்சு வாங்கியது. உதவுங்கள்.
– ந.

- - -

அன்புள்ள ந.,

‘சேர்பொருள்’ என்று வையுங்கள். வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். வல்லினம் மிகாது, எனவே யாரும் ‘சேர்ப்பொருள்’ என்று எழுதிவிடாதீர்கள். முதலில் ‘இடுபொருள்’ என்றுதான் தோன்றியது, ஆனால் அதை விதையும் உரமும் எப்போதோ பிடித்துக்கொண்டுவிட்டன.
– மா.

- - -

> வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்

சேர்ந்த பொருளா, சேர்த்த பொருளா ஐயா? தன்வினை என்றால் கோப்பு தானாக வந்து ஒட்டிக்கொண்டதாகிவிடும். (என் மகளின் கணினியைப் பார்த்தால் அதுவும் உண்மைதான் என்று படுகிறது.) தவிர, ‘சேர்ப்பு’ என்றால் சங்கப் பாடல்களில் கடற்கரை. நெய்தல் தலைவனைச் ‘சேர்ப்பன்’ என்பார்கள். சிசி செய்கிறவரைச் சேர்ப்பன் என்று அழைக்கலாம் போல, அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. கம்பராமாயணப் பதிப்புகளில் மிகைப்பாடல்களைத் தனியே ஒதுக்கி அச்சிடுகிறார்கள் அல்லவா? மூலத்தைத் தொடாமல், பிறர் சேர்த்ததைத் தனி இடத்தில் வைப்பது. மாட்ஸ் கோப்புறை செய்வதும் அதேதான். ஆகவே சிசிக்கு ‘மிகைப்பொருள்’, மாட்டுக்கு ‘இடைச்செருகல்’.
– க.

- - -

க. அவர்களே, தன் வீட்டுக்கு ஆசையாக ஒரு சோபா செய்து போட்ட பிள்ளையிடம் அதை ‘மிகை’ என்றால் கோபித்துக்கொள்ளும். தன்வினையா பிறவினையா என்ற ஆராய்ச்சியும் வேண்டாம், ‘ஆடுகளம்’ என்றால் களமா ஆடுகிறது?
– மா.

- - -

சொல் இன்னும் முடிவாகவில்லை, அதற்குள் அடுத்த சிக்கல். ஒரு முடிக்குப் பத்து நிறமாற்றுக் கோப்புகள் இருந்தாலும் அதன் மெஷ் கோப்பு (முப்பரிமாண வடிவம் இருப்பது அதில்தான்) இல்லையென்றால் முடி சரியாகத் தெரியாது. கைவசமுள்ள பட்டியலில் மெஷ்ஷுக்கு ‘வலை’ என்று போட்டிருக்கிறது. ‘வலை இல்லாததால் முடி தெரியவில்லை’ என்று எழுதினால் படிப்பவர் இணைய இணைப்பைத்தான் சரிபார்ப்பார்.
– ந.

- - -

கண்ணி! வலையில் நூல்கள் சூழ்ந்த ஒவ்வொரு சிறு கட்டமும் கண்ணிதான். முப்பரிமாண உருவமும் அப்படிக் கட்டங்கள் சேர்ந்ததே. கண்ணி என்றால் தலையில் சூடும் மாலையும்கூட, முடிக்கு இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?
– க.

- - -

கண்ணிவெடியும் இருக்கிறதே.

இத்தனை நாள் வேடிக்கை பார்த்தேன், இப்போது பொறுக்கவில்லை. இந்தக் கையேட்டைத் திறப்பவர் யார்? நேற்றுவரை ஓடிய விளையாட்டு, புதுப்பிப்பு வந்ததும் திறக்கவில்லை என்று பதறுகிறவர். ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் விளையாட்டு மாட்களைத் தானே அணைத்துவைக்கிறது, அமைப்பில் போய்த் திரும்ப இயக்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. அதற்கும் சரியாகவில்லையென்றால் கோப்புகளில் பாதியை வெளியே எடுத்துவைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். பழுது போய்விட்டால் குற்றவாளி எடுத்த பாதியில், போகாவிட்டால் இருக்கும் பாதியில். அதை மறுபடி பாதியாக்கு. 400 கோப்பு இருந்தாலும் 9 சுற்றில் பிடித்துவிடலாம். ஆனால் மெஷ் ஒரு பாதியிலும் நிறமாற்று மறு பாதியிலும் போய்விட்டால் புதிதாக ஒரு பழுது முளைத்துக் குழப்பும். இவ்வளவையும் புரியவைக்க வேண்டிய இடத்தில் ‘இடைச்செருகல்’ என்றால் அவர் மூடிவிட்டுப் போய்விடுவார். மாட், மெஷ் என்றே எழுதுங்கள். ‘வடவெழுத்து ஒரீஇ’ (அதாவது வடவெழுத்தை நீக்கி) என்று தொல்காப்பியரே வழிவிட்டிருக்கிறார். (யாராவது ‘நோய்முதல் நாடி’ என்று தொடங்குவதற்குள் சொல்லிவிடுகிறேன், ‘பழுதுநீக்கம்’ போதும்.)
– இ.

- - -

அவர் வழிவிட்டது வடசொல்லுக்கு. ‘மெஷ்’ஷில் கடைசியில் நிற்கும் ஷ் எந்த எழுத்தை ஒரீஇயது?
– க.

- - -

அனைவருக்கும் நன்றி. சிசிக்குச் சேர்பொருள், மாட்டுக்கு மாட், மெஷ்ஷுக்கு மெஷ் என்று வைத்து அனுப்பிவிட்டேன். ‘பாதிப்பாதி முறை’யை யாரும் எதிர்க்காததால் அதுவும் உள்ளே. பழைய சிறுபடங்களைத் தேக்கிவைக்கும் கோப்பை நீக்கச் சொல்லும் பகுதியில் ‘கேஷ்’ வருகிறது, அதற்கு என்ன சொல் என்று வேண்டுமென்றேதான் இங்கே கேட்கவில்லை.
– ந.

- - -

‘பதுக்ககம்’ என்று ஏற்கெனவே இருக்கிறதே. ஆனால் பதுக்குவது என்றாலே கள்ளச்சந்தை வாடை அடிக்கிறது. தனி இழை தொடங்கட்டுமா?

கண்ணியை நான் இன்னும் விடவில்லை.
– க.