புன்னைக்காயல் கழிமுகம்: எந்த நேரம், எந்தக் கரை?

பாளை மைனா:
தை மாதம் ஒரு சனிக்கிழமை, தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் பக்கம் நாலு பேர் போகிறோம். கையில் 8×42 இருநோக்கி இரண்டு, முக்காலியோடு ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப். கூந்தன்குளம், நயினார்குளம் என்று குளத்துப் பறவைகள் எல்லோருக்கும் பழக்கம்தான். சேற்றுத் திட்டும் அலையாத்தியும் புதுசு. எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? வள்ளம் பிடித்தே ஆக வேண்டுமா? ஒரே நிறத்தில் ஓடும் அந்தச் சின்னப் பறவைகளைப் பிரித்துப் பார்க்க வழி என்ன? கூட வரும் தம்பி ஒருவர் நூறு அலையாத்திக் கன்று கொண்டுவந்து நடலாம் என்கிறார். அதற்கு ஏற்ற இடமும் சொல்லுங்கள்.

முக்காணிக்காரன்:
அண்ணாச்சி, மணியை அப்புறம் பார்ப்போம், முதலில் திதியைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களிலும் அதற்கு அடுத்த ஒன்றிரண்டு நாளிலும் தண்ணீர் நன்றாக ஏறி நன்றாக வற்றும். அட்டமி, நவமி பக்கம் போனால் ஏற்றமும் வற்றமும் மந்தம், சேறு சரியாக வெளியே வராது. மன்னார் வளைகுடாவில் பெரிய வற்றத்திலும் வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் இங்கே தரை அவ்வளவு சமதளம். ஒரு சாண் தண்ணீர் இறங்கினாலே அகலமான சேற்றுப் பட்டை திறந்துவிடும்.

தூத்துக்குடித் துறைமுகத்தின் ஓதப் பட்டியல், அதாவது கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியல், இணையத்தில் கிடைக்கும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அது திறந்த கடலுக்கான நேரம்; முகத்துவாரம் வழியாக நுழைந்து ஓடைக்குள் ஏறி இறங்கத் தாமதமாகும். மணல் திட்டு வளர்ந்து வாய் குறுகியிருந்தால் தாமதம் இன்னும் கூடும். ஆகவே பட்டியலில் உள்ள வற்ற நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய் நின்றுவிடுங்கள். தண்ணீர் இறங்க இறங்க அதன் விளிம்பிலேயே பறவைகள் மேய்ந்துகொண்டு போகும், அந்த நேரம்தான் அருமை. முழுக்க வற்றிய பிறகு எட்டாத தூரத்துக்குச் சிதறிவிடும். வற்ற நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், அதையும் வைத்துச் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள்.

வெயில் படும் பக்கமும் முக்கியம். கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் ஆற்றங்கரையில் நின்று கிழக்கே பார்த்தால் எல்லாம் கரு நிழல்தான், கால் நிறம்கூடத் தெரியாது. வற்றம் பிற்பகலில் விழுகிற நாள் கிடைத்தால் மேற்குக் கரையில் சூரியனை முதுகில் வைத்து நில்லுங்கள். காலையில் விழுந்தால் கடலோர மணல் திட்டுக்குப் போய் மேற்கே பாருங்கள். வள்ளம் தேவைப்படுவது அதற்கு மட்டுமே. முதல் நாளே ஊரில் பேசி வையுங்கள். சனிக்கிழமை என்றது நல்லது. ஞாயிறு அங்கே கோயிலும் ஓய்வும்தான், தொழிலுக்குப் போக மாட்டார்கள், அன்று போய் ஆள் தேடாதீர்கள். பைபர் வள்ளமாக இருந்தால் முகத்துவாரத்துக்கு வெளியே போகச் சொல்ல வேண்டாம். இறங்கும் தண்ணீரும் கடலிலிருந்து வரும் அலையும் திட்டின் மேல் மோதும் இடம் ஆபத்தானது.

இன்னொன்று, மேலே என்ன நடக்கிறது என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆற்றின் பழைய பாசன அணைக்கட்டுகளில் கடைசி ஸ்ரீவைகுண்டம். பாபநாசம், மணிமுத்தாறு நிரம்பி உபரி திறந்து, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டித் தண்ணீர் வழிந்தால் கழிமுகம் செம்மண் நிறத்தில் நிறைந்து நிற்கும், வற்றம் எடுபடாது. அமலைச்செடியும், அதுதான் ஆகாயத்தாமரை, அடித்துக்கொண்டு வந்து கரையெல்லாம் ஒதுங்கும், உப்புப் பட்டுச் செத்து அழுகும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்த வெள்ளம் போன்றது வந்தால் திட்டுகளே இடம் மாறும். பழைய செயற்கைக்கோள் படத்தை நம்பி நடக்காமல், அந்த மாதத்துப் படத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கொற்கை ஒரு காலத்தில் கடல் துறை, இன்று கடலுக்கு வெகு உள்ளே. இந்த ஆறு வண்டல் போட்டு வாயை நகர்த்திக்கொண்டே இருக்கும் ஆறு.

அளத்துக்காற்று:
மேலே சொன்னதெல்லாம் வற்றத்துக்கு. ஏற்றத்தில் அதே பறவைகள் எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை. சேறு மூழ்கியதும் உப்பள வரப்புகளிலும் மணல் திட்டிலும் ஒற்றைக் காலில் கூட்டமாக நிற்கும். அசையாமல் நிற்பதால் இனம் பிரிக்கப் பழக அதுதான் சரியான இடம். வற்றத்துக்குக் கழி, ஏற்றத்துக்கு அளம் என்று நாளைப் பிரித்தால் ஒரே நாளில் இரண்டும் கிடைக்கும்.

அளத்தில் எந்தப் பாத்தியில் எது நிற்கும் என்பதை உப்பின் டிகிரி, அதாவது தண்ணீரில் உப்பு எவ்வளவு அடர்த்தி என்று போமே மானி காட்டும் அளவு, தீர்மானிக்கிறது. கடல் தண்ணீர் 3 டிகிரி சொச்சம். அதைத் தேக்கும் முதல் தெப்பத்தில் மீன் பிழைக்கும், ஆகவே கூழைக்கடா, நீர்க்காகம், கொக்கு, ஆலா எல்லாம் அங்கே. 7 டிகிரிக்கு மேல் மீன் அற்றுப்போகிறது. 10 முதல் 20 வரை உப்பு இறால் என்கிற, நகக்கண் அளவுகூட இல்லாத பூச்சி பெருகும். பூநாரை அலகைத் தலைகீழாக வைத்து அரித்துத் தின்பது அதைத்தான்; நெடுங்கால் உள்ளானும் அங்கேயே. 25ஐ எட்டி உப்பு விளையும் பாத்தியில் வெறிச்சென்று இருக்கும், அங்கே நேரம் வீணாக்க வேண்டாம். தை மாதத்தில் மழைத் தண்ணீர் கலந்து எல்லாப் பாத்தியும் டிகிரி இறங்கியிருக்கும், அதனால் இந்த எல்லைகள் கொஞ்சம் குழம்பும். பங்குனி, சித்திரையில்தான் துல்லியமாகப் பிரியும்.

அளம் எல்லாம் ஒருவருடைய பொறுப்பில் இருப்பது. காவலாளியிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். காய்ந்த பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது. அதன் தரை சீசனுக்கு முன் மிதித்து இறுக்கியது; ஒரு கால் தடம் போதும், உப்பில் மண் கலந்துவிடும். வரப்பில் கார் ஏற்றாதீர்கள், களிமண் உள்வாங்கும். பூநாரைக் கூட்டம் மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கி ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே நின்று, பின்னால் நகருங்கள். படத்துக்காகப் பறக்கவிடுவது பாவம். இவ்வளவு தூரம் வந்து சேர்த்த உடம்பை அது வீணாகச் செலவழிக்கும்.

கண்டல்:
நூறு கன்று விஷயத்துக்கு வருகிறேன். தயவுசெய்து வேண்டாம், தம்பியிடம் சொல்லுங்கள்.

காரணம் ஒன்று, காலம். இங்கே அலையாத்தியில் பெரும்பகுதி வெண்கண்டல் என்கிற வகை. அதன் விதை பச்சை அவரைக்கொட்டை போல இருக்கும். மரத்திலேயே முளைக்கத் தொடங்கி, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் விழுந்து மிதந்து, தோல் கழன்று சேற்றில் வேர் பிடிக்கும். மழையில் உப்பு தணிந்திருக்கும் அந்தச் சில வாரங்கள்தான் அதன் வாய்ப்பு. தை பிறந்துவிட்டால் தண்ணீர் குறைந்து மண்ணில் உப்பு ஏறத் தொடங்கும். நாற்றங்காலில் நல்ல தண்ணீர் விட்டு வளர்த்த கன்றை அதில் வைத்தால் இலை நுனி கருகிப் பட்டுப்போகும். உவர்நீர் விட்டுப் பழக்கிய கன்றுதான் தாங்கும்.

இரண்டாவது, இடம். நடப் போகிறவர்கள் எல்லோரும் வற்றத்தில் காலியாகத் தெரியும் சேற்றைப் பார்த்துத்தான் ஆசைப்படுகிறார்கள். அது காலி இடம் இல்லை. நண்டும் புழுவும் சிப்பியும் நிறைந்த பறவைகளின் மேய்ச்சல் தரை. அங்கே கண்டலே தானாக முளைக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் உண்டு: நாளில் பாதிக்கு மேல் தண்ணீருக்கடியில் நிற்கும் இடத்தில் இளங்கன்று மூச்சுவிட முடியாது, பாசி சுற்றும், கொட்டலசு என்கிற ஓடுள்ள சிற்றுயிர் தண்டில் ஒட்டிச் சாய்த்துவிடும். கன்று செத்துவிடும். சாகாமல் போனால் கோட்டான் என்கிற வளைந்த அலகுக் கரைப்பறவையும் உப்புக்கொத்தியும் மேய இடமில்லாமல் போகும். இரண்டுமே நட்டம்.

சீரழிந்த காட்டை மீட்பது என்றால் முதல் வேலை தண்ணீர் வந்து போக வழி செய்வது. பள்ளத்தில் கடல்நீர் தேங்கி ஆவியாகி உப்பேறிய இடங்களில், தலைமை வாய்க்கால் ஒன்று வெட்டி, அதிலிருந்து 45 பாகை கோணத்தில் கிளை வாய்க்கால் பிரித்து, மீன் முள் வடிவில் அமைப்பார்கள். கன்று வாய்க்காலின் சரிவில், நடு உயரத்தில் நிற்க வேண்டும். அடியில் வைத்தால் மூழ்கும், மேட்டில் வைத்தால் காயும். முதல் இரண்டு வருடம் ஆடு மாடு நுழையாமல் பார்க்க வேண்டும். வெண்கண்டல் இலை அவற்றுக்கு அவ்வளவு பிடிக்கும். இதெல்லாம் வனத்துறை அனுமதியோடு, ஊர்க்காரர்கள் பொறுப்பெடுத்துச் செய்கிற நீண்ட வேலை. ஒரு சனிக்கிழமையில் முடிகிற காரியம் இல்லை. தம்பிக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால், சாக்கு எடுத்துப் போய் மூச்சுவேர்களில் சிக்கிய நைலான் வலைத் துண்டுகளையும் பிளாஸ்டிக்கையும் பொறுக்கட்டும். வலைத் துண்டை இழுக்காமல் கத்தரியால் வெட்டி எடுக்க வேண்டும், இழுத்தால் வேர் ஒடியும்.

நடக்கும்போது: உமரி என்கிற உவர்நிலச் செடி வளர்ந்த தரை கெட்டி, அதில் நடக்கலாம். செடியே இல்லாமல் கறுத்துப் பளபளக்கும் சேறு முழங்கால் வரை இழுக்கும். முட்டளவுத் தண்ணீரில் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நகருங்கள், மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போகும்.

பாளை மைனா:
கன்று யோசனையை விட்டுவிட்டோம், கண்டல் அண்ணாச்சி. சாக்கும் கத்தரியும் எடுத்து வருகிறோம். பறவை அடையாளம் மட்டும் பாக்கி.

கோட்டான்:
முதலில் முக்காணிக்காரர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். காற்றையும் கணக்கில் எடுங்கள். வாடை பலமாக அடிக்கும் நாளில் கடல் நீர் கரைப் பக்கம் ஏறி நிற்கும், பட்டியல் சொல்கிற அளவுக்கு வற்றாது. மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காலத்தில் வேறு தொல்லை: மணல் பறந்து ஸ்கோப் கண்ணாடியைக் கீறும், முக்காலி ஆடும். முக்காலியைத் தாழ்த்தி, நடுவில் ஒரு பை கல் தொங்கவிடுங்கள்.

அடையாளத்துக்கு நிறத்தை விட்டுவிட்டு, எப்படி மேய்கிறது என்று பாருங்கள். ஓடி, சட்டென்று நின்று, ஒரு கொத்து, மறுபடி ஓட்டம் என்றால் உப்புக்கொத்தி வகை. கண்ணால் பார்த்து வேட்டையாடுவது. தலை நிமிராமல் தையல் மிஷின் ஊசி மாதிரி சேற்றைக் குத்திக்கொண்டே போனால் உள்ளான் வகை, அலகு நுனி உணர்ச்சியால் தேடுவது. இந்த ஒரு பிரிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உப்புக்கொத்திகளில், கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையமும் முழுக் கழுத்துப் பட்டையும் இருந்தால் பட்டாணி உப்புக்கொத்தி. பட்டை நெஞ்சின் நடுவில் அறுந்திருந்தால் கென்டிஷ் வகை. இதில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தங்கிக் கூடு வைப்பதை 2023இல் ஹனுமான் உப்புக்கொத்தி என்று தனி இனமாகப் பிரித்தார்கள். ஆணுக்குக் கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே கருப்பு பெரும்பாலும் இருக்காது. குளிர்காலத்தில் வலசை வரும் கென்டிஷும் இதுவும் கலந்து நிற்கலாம் என்பதால், சந்தேகம் வந்தால் கென்டிஷ்/ஹனுமான் என்று சேர்த்தே குறியுங்கள். ஊகித்து எழுதுவதைவிட அது மேல்.

உள்ளான்களில் சிவந்த காலோடு பறக்கும்போது சிறகின் பின் ஓரத்தில் அகலமான வெள்ளைப் பட்டை தெரிந்தால் பவளக்காலி. பச்சைக் கால், அலகு லேசாக மேல் வளைவு, பறக்கும்போது முதுகில் வெள்ளை ஆப்பு வடிவம் என்றால் பச்சைக்காலி. சிட்டுக்குருவி அளவில் கருங்கால்களோடு கூட்டமாக இருப்பது கொசு உள்ளான். தலையைவிடப் பல மடங்கு நீண்டு கீழே வளைந்த அலகு கோட்டானுக்கு. அலகு குட்டையாகவும் தலையில் வரிகளும் இருந்தால் சின்னக் கோட்டான். கொக்குகளில், அலகு கருப்பாக இல்லாமல் மஞ்சளும் பழுப்புமாக, தடித்து இருந்தால் அது சின்ன வெள்ளைக் கொக்கா கரைக் கொக்கா என்று நின்று பாருங்கள். கரைக் கொக்கில் சாம்பல் நிறமும் உண்டு, வெள்ளையும் உண்டு.

எண்ணும்போது கூட்டத்தில் பத்தை எண்ணி, அது எவ்வளவு இடம் அடைக்கிறது என்று மனதில் பிடித்து, அந்த அளவால் மீதியை அளந்து போங்கள். கூட்டம் எழும்பிய பிறகு எண்ணாதீர்கள், கணக்குத் தவறிவிடும். பங்குனிக்குப் பிறகு மறுபடி போவதாக இருந்தால் அளத்து வரப்பிலும் காய்ந்த திட்டிலும் காலைப் பார்த்து வையுங்கள்: உப்புக்கொத்தியும் சின்ன ஆலாவும் வெறும் தரையில்தான் முட்டையிடும், மண் நிறத்திலேயே இருக்கும். ஒரு பறவை சிறகு ஒடிந்தது போல உங்கள் முன்னால் இழுத்துக்கொண்டு ஓடினால் கூடு பக்கத்தில்தான். வந்த தடத்திலேயே திரும்பி வாருங்கள். வெயிலில் தாய் எழுந்து சில நிமிடம் ஆனாலே முட்டை வெந்துவிடும்.