ஹரால்ட் எவன்ஸ்: பேப்பரிலிருந்து பதிப்பகத்துக்கு

கேள்வி: லண்டன் பத்திரிகையான சண்டே டைம்ஸில் 1967 முதல் 1981 வரை ஆசிரியராக இருந்த எவன்ஸ், அப்புறம் நியூயார்க்கில் ரேண்டம் ஹவுஸ் பதிப்பகத்தின் தலைவரானாராமே, பேப்பர்காரருக்குப் புத்தக வியாபாரம் எப்படிக் கைவந்தது?

பதில் 1: கர்ப்பிணிகள் சாப்பிட்ட தாலிடோமைடு மாத்திரையால் கைகால் பாதித்துப் பிறந்த குழந்தைகளுக்காக அவர் பேப்பர் எழுதியபோது கோர்ட் தடை போட்டது, விடாமல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 1979-ல் ஜெயித்தார்கள். ஊர் எதைப் பேசும் என்று மோப்பம் பிடிக்கத் தெரிந்தவருக்குப் புத்தகம் என்ன கஷ்டம்?

பதில் 2: அவ்வளவு சுலபமில்லை சார். 1981-ல் சண்டே டைம்ஸிலிருந்து டைம்ஸ் நாளிதழுக்கு ஆசிரியராகப் போனார், 1982-ல் இரண்டுக்கும் முதலாளியான ரூபர்ட் மர்டாக்கோடு மோதி அதை விட்டார், நடுவே அமெரிக்காவில் ஒரு பயணப் பத்திரிகையைத் தொடங்கினார், ரேண்டம் ஹவுஸ் 1990-லிருந்து 1997 வரைதான். அங்கே அவர் வெளியிட்ட, அமெரிக்க ராணுவத் தளபதி கொலின் பவலின் சுயசரிதை நன்றாக ஓடியது. எழுத்தாளர்களுக்கு முன்பணத்தை அள்ளிக் கொடுக்கிறார் என்ற பேச்சும் கூடவே இருந்தது.

கேட்டவர்: சரி, மர்டாக்கோடு என்ன தகராறு?

பதில் 2: ஆசிரியர் சுதந்திரம்தான், வேறென்ன!