பழைய வீட்டை வாங்கிப் புதுப்பித்து விற்றவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். நானும் என் மச்சானும் சேர்ந்து திருச்சியில் ஒரு பழைய வீட்டை வாங்கி, சரிசெய்து விற்கலாம் என்று பார்க்கிறோம். இரண்டு பேருக்குமே இது முதல் முயற்சி.

இடம் 1,200 சதுர அடி, விலை 42 லட்சம். மெட்ராஸ் டெரஸ் கூரை, அதாவது மர உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய பாணி. முற்றத்துச் சுவரை விரலால் தட்டினேன், பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. மர உத்தரம் ஒன்றின் முனையில் கரையான் புற்று. மச்சான் "பெயின்ட் அடித்தால் போதும்" என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உத்தரத்தை மாற்றாமல் இப்படிப்பட்ட கூரையைக் காப்பாற்றியவர்கள் உண்டா?

முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம், அதாவது 3.78 லட்சம், முதல் நாளே போய்விடும். புரோக்கரோ, "கிரயம் வேண்டாம், ஒப்பந்தம் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், வாங்குபவர் பேரில் நேரடியாகப் பதிந்துவிடலாம்" என்கிறார். அதை நம்பி வேலைக்குப் பணம் போட்ட பிறகு உரிமையாளர் மனம் மாறினால் என்ன செய்வது?

வில்லங்கச் சான்று பார்த்தாயிற்று, அடமானம் எதுவும் இல்லை. ஆனால் பட்டா இன்னும் உரிமையாளருடைய அப்பா பேரில்தான் இருக்கிறது. கூடப் பிறந்த அக்கா ஒருவர் இருப்பதே பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லித்தான் தெரிந்தது! அந்த அக்கா தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் கையில் வரும்வரை அட்வான்ஸ் தரக்கூடாது என்று நினைக்கிறேன், சரிதானே?

அப்புறம், இரண்டு வருடத்துக்குள் விற்றால் லாபம் முழுவதும் வருமானத்தோடு சேர்ந்து வரி வரும் என்கிறார்கள். மராமத்துச் செலவைக் கழிக்க எந்தெந்த பில்களை வைத்திருந்தீர்கள்? கொத்தனார் கூலிக்கு எப்படிக் கணக்குக் காட்டினீர்கள்? ஞாயிற்றுக்கிழமை பேச வரச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குள் சொன்னால் நல்லது.