ரான்ஸ் இல்லாமலே ரிச்மண்டுக்குக் கோப்பை: அப்படியானால் அவர் எவ்வளவு பெரிய டிஃபெண்டர்?

ஓவல்பந்து:
ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீகான ஏஎஃப்எல்லில் ரிச்மண்டுக்காக 200 ஆட்டம், 2014 முதல் 2018 வரை வரிசையாக 5 முறை ஆல்-ஆஸ்திரேலியன் (அந்த வருஷத்தின் சிறந்த வீரர்கள் அணி), 2017ல் அந்தச் சிறந்த அணிக்கே கேப்டன். அலெக்ஸ் ரான்ஸ் சாதாரண ஆள் இல்லை, சரி. ஆனால் 2019 முதல் ரவுண்டிலேயே கார்ல்டனுக்கு எதிராக முழங்கால் ஏசிஎல் தசைநார் கிழிந்துவிட்டது. அதே வருஷ கிராண்ட் ஃபைனலில், அதாவது இறுதிப் போட்டியில், ரிச்மண்ட் ஜிடபிள்யூஎஸ் அணியை 89 புள்ளியில் நசுக்கியது. எதிரணிக்கு மொத்தமே 3 கோல் (கோலுக்கு 6 புள்ளி)! ரான்ஸ் ஆடிய 2017 ஃபைனலில் வித்தியாசம் 48தான். டிசம்பரில், 30 வயதில், ஓய்வும் பெற்றுவிட்டார்.

மஞ்சள்கறுப்பு:
அந்தப் பின்வரிசையே அவரைச் சுற்றிக் கட்டியதுதானே. ரான்ஸ் தன் ஆளோடு, அதாவது தான் காவல் காக்கும் எதிரணி வீரரோடு, ஒட்டிக்கொண்டு நிற்கமாட்டார், கண் பந்தை உதைக்கும் எதிரணிக்காரர் மேல் இருக்கும். நெருக்கடியில் அவசரமாக உதைத்த பந்து மேலே மிதந்து வரும். அது தெரிந்ததும் தன் ஆளை விட்டுவிட்டுப் பாய்வார்: பிடித்தால் மார்க் (உதைத்த பந்தைக் காற்றிலேயே பிடித்தால் தடையில்லாமல் உதைக்கும் உரிமை), முடியாவிட்டால் முஷ்டியால் ஒரு குத்து. விட்ட ஆளைச் சக டிஃபெண்டர்கள் ஆஸ்ட்பரியோ கிரைம்ஸோ உடனே எடுத்துக்கொள்ள வேண்டும். 2019ல் விளாஸ்டுவின் என்ற சக டிஃபெண்டர் அந்தப் பாய்ச்சலைத் தொடர்ந்தார், அவ்வளவுதான்.

குறுக்குக்கேள்வி:
உதைப்பவர் நிதானமாகத் தாழ்வாக 20 மீட்டர் கொடுத்தால்? 15 மீட்டர் போனாலே மார்க். விட்டுவந்த ஆள் கோலுக்கு எதிரே தனியாக நிற்பார். பந்து உயரமாக வந்தாலும் எல்லாரிடமும் பலிக்காது. 2018 ப்ரிலிமினரி ஃபைனலில் (அரையிறுதி மாதிரி), ரிச்மண்டுக்கு எதிராக, காலிங்வுட்டின் மேசன் காக்ஸ், 211 செ.மீ., இரண்டாம் குவார்ட்டரில் மட்டும் 3 கோல். அந்த உயரத்தில் பிடிப்பவரிடம் முஷ்டி எட்டாது, கையைத் தட்டினால் ஃப்ரீ கிக்.

மஞ்சள்கறுப்பு:
ஒரு ராத்திரியை வைத்து 5 வருஷத்தை அளக்கிறீர்களே. ரான்ஸ் விழுந்த அடுத்த இரண்டு ரவுண்டிலும் காலிங்வுட்டிடமும் ஜிடபிள்யூஎஸ்ஸிடமும் தோற்றதைச் சொல்லவே இல்லையே?

ஓவல்பந்து:
தோற்ற அணிதான் கோப்பையையும் தூக்கியது. என் ஃபுல்-பேக் (கோலுக்கு முன் நிற்கும் கடைசி டிஃபெண்டர்) ஜீலாங்கின் மாத்யூ ஸ்கார்லெட்: 284 ஆட்டம், 3 கோப்பை. 2009 கிராண்ட் ஃபைனல், செயின்ட் கில்டாவோடு புள்ளி சமம், கடைசிக் குவார்ட்டர். மைதான நடுவில் துள்ளிய பந்தைக் குனிந்து எடுத்திருந்தால் மடக்கியிருப்பார்கள். ஓடிய வாக்கில் கால்விரல் நுனியால் சக வீரர் ஏப்லட்டுக்குத் தட்டிவிட்டார். அதிலிருந்து இன்னொரு ஜீலாங் வீரர் சாப்மன் கோல்.

மஞ்சள்கறுப்பு:
ஃபுல்-பேக்குக்கு மைதான நடுவில் என்ன வேலை? அவரும் தன் ஆளை விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்!