சிவனொளிபாத மலை நடை: புதுப்பிப்பு

மூளைக்காயத்திலிருந்து மீண்டு வருபவர்களின் பிசியோதெரபி செலவுக்காகச் சிவனொளிபாத மலை ஏறப்போகிறோம் என்று முன்பு எழுதியிருந்தேன். ஏறிவிட்டோம். கேட்டதைவிடக் கூடுதலாகவே பணம் சேர்ந்திருக்கிறது. தந்த எல்லோருக்கும் நன்றி.

நல்லதண்ணிப் பக்கமாக இரவில் புறப்பட்டோம். 2,243 மீற்றர் உயரம், ஆயிரக்கணக்கான படிகள், மேலே போகப் போகச் செங்குத்து. எங்களோடு வந்த அண்ணன் ஒருவர் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டவர். பாதி வழியில் தேநீர்க் கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். கால் வலி இல்லையாம். கூட்டம், வெளிச்சம், ஒலிபெருக்கி எல்லாம் சேர்ந்து தலையைக் களைக்க வைத்துவிட்டன. மூளைக்காயத்தின் களைப்பு அப்படித்தான். வெளியே தெரியாது, தூங்கி எழுந்தாலும் முழுதாகப் போகாது. "ஆள் நல்லாத்தானே இருக்கிறார், ஏன் வேலைக்குப் போகவில்லை?" என்று தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) கேட்பவர்கள் தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள்.

மறதியைவிடக் கோபம்தான் கஷ்டம் என்றார் அவர் மனைவி. மூளையின் முன்பகுதி அடிபட்டால் கோபத்தை அடக்குவது கடினமாகிவிடும். அது குணக்கேடு இல்லை.

சரி, பணம். பிசியோதெரபிக்குப் போக மீதியை, தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் ஓட்டோ செலவுக்குக் கொடுக்கிறோம். பலர் சிகிச்சையை நிறுத்துவதே அந்தச் செலவால்தான். கணக்கை இங்கேயே போடுகிறேன்.